பிக்கப் வண்டியின் கேபினில் ஒலியமைப்பு: திட்டமிடலும் பொருத்துதலும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரங்களில் பிக்கப் வண்டி என்பது தோட்டத்துக்கும் சந்தைக்கும், ஆலைக்கும் கிடங்குக்கும் இடையே நாள்தோறும் ஓடி உழைக்கும் வண்டியாகும். நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கும் உருளைக்கிழங்கும் கேரட்டும், பொள்ளாச்சியிலிருந்து புறப்படும் இளநீரும் தென்னை நாரும், ஈரோட்டு மஞ்சளும், திருப்பூர்ப் பனியன் துணியும், நாமக்கல் முட்டையும் மஹிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், மக்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் ஏறியே அக்கம்பக்க ஊர்களைச் சேர்கின்றன. ஓட்டுநர் தம் நாளின் பெரும்பகுதியை இரண்டு மூன்று பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கேபினுக்குள் கழிப்பதால், அங்கே தெளிவாகக் கேட்கும் பாட்டும் செய்தியும் அவருடைய வேலை நேரத்துக்கு உற்ற துணையாகின்றன.

இந்த வேலைக்கு வேண்டிய கைத்திறன் இவ்வட்டாரத்தில் தாராளமாகவே உள்ளது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, பிற்காலத்தில் வானொலிப் பெட்டிகளையும் கோவையிலேயே தயாரித்தார். வாகன ஹாரனுக்குப் பெயர்பெற்ற ரூட்ஸ் நிறுவனமும், டேஷ்போர்டு மீட்டர்களுக்குப் பெயர்பெற்ற பிரிகால் நிறுவனமும் கோவையைச் சேர்ந்தவை; கரூரில் பேருந்துகளுக்கும் நாமக்கல்லில் லாரிகளுக்கும் பாடி கட்டப்படுகிறது. தகடு வெட்டும் டிங்கர், மரப்பெட்டி செய்யும் தச்சர், வயரிங் அறிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆகிய மூவரையும் ஒரே தெருவில் கண்டுபிடிக்கக்கூடிய ஊர்கள் இங்கே பல உள்ளன.

அவ்வாறிருந்தும் பல வண்டிகளில் செலவு செய்த அளவுக்கு ஒலி அமைவதில்லை என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வேலையின் வரிசை தலைகீழாக நடப்பதேயாகும். உரிமையாளர் முதலில் ஸ்பீக்கரை வாங்குகிறார், பிறகு ஆம்ப்ளிஃபயரைத் தேடுகிறார், வயரைக் கடைசியில் மிச்சப் பணத்தில் முடிக்கிறார், கேபினின் இரைச்சலைப் பற்றி நினைப்பதே இல்லை. சரக்கு வண்டியில் இந்த வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படைக் கருத்து: முதலில் கேபினை அமைதிப்படுத்துதல், அடுத்து மின்சாரத்தைச் சரியாகக் கொண்டுவருதல், அதன் பிறகே கருவிகளைத் தேர்ந்து பொருத்துதல், இறுதியில் அளவமைத்தல்.

1. வண்டியின் இரைச்சலை அறிதல்

டீசல் எஞ்சினின் இரைச்சல் எந்த அலைவரிசையில் எழுகிறது என்பதை எளிய கணக்கில் அறியலாம். அலைவரிசை என்பது ஒரு வினாடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் குறிக்கும் எண். அதன் அலகு ஹெர்ட்ஸ். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிவதால், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் சுழலும்போது, பொலேரோ பிக்கப்பின் 4 சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ 67 ஹெர்ட்ஸிலும், தோஸ்தின் 3 சிலிண்டர் டீசல் எஞ்சின் 50 ஹெர்ட்ஸிலும், 2005-இல் அறிமுகமான முதல் டாடா ஏஸின் 2 சிலிண்டர் டீசல் எஞ்சின் 33 ஹெர்ட்ஸிலும் முழங்குகின்றன.

திரைப்பாடல்களின் பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்களும் ஏறத்தாழ இதே எல்லைக்குள்தான் ஒலிக்கின்றன. ஒரே அலைவரிசைக்கு அருகில் இரண்டு ஒலிகள் எழும்போது வலிய ஒலி மெலிய ஒலியைக் காதுக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. இதை ஒலி மறைப்பு என்பர். வண்டி நிற்கும்போது நிறைவாகக் கேட்ட பாட்டு, அவிநாசி சாலையில் வேகம் பிடித்ததும் வெறும் உச்சக் குரலாகத் தேய்ந்துபோவதற்கு இதுவே காரணம். அந்த நிலையில் ஒலியளவைக் கூட்டுவது தீர்வாகாது, ஏனெனில் ஒலியை 3 டெசிபெல் உயர்த்துவதற்கே ஆம்ப்ளிஃபயரின் திறனை இரு மடங்காக்க வேண்டியுள்ளது. அதே 3 டெசிபெல்லை இரைச்சலில் குறைப்பதற்கோ சில தகடுகளில் சரியான ஷீட்டை ஒட்டினால் போதும்.

2. கேபினை அமைதிப்படுத்துதல்

இரைச்சல் இரண்டு வழிகளில் கேபினுக்குள் வருகிறது. தகடுகளின் அதிர்வு ஒரு வழி. ஓட்டைகளின் வழியாகவும் இடுக்குகளின் வழியாகவும் காற்றோடு நுழைவது மற்றொரு வழி. முதல் வழியை அடைப்பதற்கு டேம்பிங் ஷீட் பயன்படுகிறது. இது பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியப் படலம் ஒட்டிய, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள விரிப்பாகும்; தகட்டின் அதிர்வாற்றலைத் தன்னுள் வாங்கி நுண்ணிய வெப்பமாக மாற்றிவிடுவது இதன் செயல்.

தகடு முழுவதையும் மூட வேண்டிய தேவை இல்லை. அகன்ற தகட்டின் நடுப்பகுதியில், பரப்பின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒட்டினாலே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒட்டுவதற்கு முன் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுமையாகத் துடைத்து, ஒட்டிய பிறகு சிறு உருளையால் அழுத்தித் தேய்த்து, உள்ளே காற்றுக்குமிழ் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை சரியாக முடிந்ததா என்பதை அறிவதற்கு விரல் முட்டியே போதுமானது: தட்டினால் ‘டங்’ என்று நீண்டு ஒலித்த தகடு, ஷீட் ஒட்டிய பிறகு ‘டப்’ என்று உடனே அடங்க வேண்டும். கூரைக்கு நீர்க்கசிவு தடுக்கப் பயன்படும் தார் விரிப்பை விலை மலிவு என்பதற்காக ஒட்டுவது தவறு. கரூரிலும் ஈரோட்டிலும் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், நிறுத்திய வண்டியின் கூரைத் தகடு அதைவிட மிக அதிகமாகச் சூடேறுவதால், தார் இளகி வழிவதோடு அதன் வாடையும் கேபினை விட்டு நீங்காது.

எந்த இடத்தில் முதலில் ஒட்ட வேண்டும் என்பது எஞ்சின் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பொலேரோவைப் போல முன்னால் பானட் உள்ள வண்டியில், எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடும் கால் வைக்கும் தரையும் முதலிடம் பெறுகின்றன. ஏஸ், தோஸ்த் போல எஞ்சின் இருக்கைக்குக் கீழே அமைந்த வண்டிகளில் இருக்கையின் அடித்தகடே முதன்மையானது. அங்கு வெப்பம் தாங்கும் ரகத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும், எஞ்சினை அணுகுவதற்கு இருக்கையைத் தூக்கும் வசதியும் சிறிதும் கெடக்கூடாது. எல்லா வண்டிகளிலும் அடுத்த இடம் கதவுகளுக்கும், அதற்கடுத்த இடம் ஓட்டுநரின் தலைக்குப் பின்னாலுள்ள பின்சுவருக்கும் உரியது.

இரண்டாவது வழியை அடைப்பது இன்னும் எளிது. வயர்கள் கடந்துவரும் ஓட்டைகளில் ரப்பர் குரோமெட் தளர்ந்திருந்தால் அதை மாற்றுவதும், கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் தேய்ந்திருந்தால் புதியது போடுவதும் சில நூறு ரூபாய்க்குள் முடியக்கூடிய வேலைகள். கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் மழைநீர் வடிவதற்கென்றே விடப்பட்டவை ஆகையால் அவற்றை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. நீரை உறிஞ்சும் சாதாரணப் பஞ்சு விரிப்பையும் கதவுக்குள் வைக்கக்கூடாது. வால்பாறை மழையில் நனைந்த பஞ்சு பல நாள் ஈரத்தைத் தாங்கி நின்று கதவின் தகட்டை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்துவிடும்.

3. மின்சாரத்தைக் கொண்டுவருதல்

பிக்கப் வண்டிகள் 12 வோல்ட் மின்சாரத்திலும், பெரிய லாரிகள் பல 24 வோல்ட் மின்சாரத்திலும் இயங்குகின்றன. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் நிறைந்த ஊர்களில் இரு வகைச் சாதனங்களும் ஒரே கடையில் கிடைப்பதால், வாங்கும் கருவியின் மேல் அச்சிடப்பட்ட வோல்ட்டைப் படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

புதிய சுமையைத் தாங்கும் வலு வண்டிக்கு உள்ளதா என்பதை ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு அறியலாம். எஞ்சின் ஓடாதபோது நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டால் ஆல்டர்னேட்டர், அதாவது ஓட்டத்தின்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் கருவி, அதை 13.8 முதல் 14.4 வரை உயர்த்த வேண்டும். அதன் பிறகு ஹெட்லைட், வைப்பர், மின்விசிறி அனைத்தையும் போட்டுவிட்டு மறுபடி அளக்கும்போது, அளவு 13.5-க்கு மேல் நின்றால் வண்டியில் மிச்சத் திறன் உள்ளது. 13-க்குக் கீழே சரிந்தால் முதலில் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பேட்டரியையும் கவனிக்க வேண்டும், ஒலியமைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வயரின் தடிமனைக் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். நான்கு ஸ்பீக்கர்களுக்குத் தலா 50 வாட், அடித்தள ஒலிக்கான சப்வூஃபருக்கு 200 வாட் என மொத்தம் 400 வாட் தரும் அமைப்பைக் கொள்வோம். ‘கிளாஸ் டி’ வகை ஆம்ப்ளிஃபயர் தான் பெறும் மின்சாரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ஒலியாக்கத் தக்க ஆற்றலாக மாற்றுவதால், முழு அளவில் அது 500 வாட் கேட்கும், 13.8 வோல்ட்டில் இது 36 ஆம்பியர் மின்னோட்டமாகும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை 5 மீட்டர் நீளமுள்ள 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை இழுத்தால், அந்த ஓட்டத்தில் ஏறத்தாழ 0.8 வோல்ட் வழியிலேயே வெப்பமாகக் கரைந்துவிடும். 16 சதுர மில்லிமீட்டர் வயரில் இந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். ஆழ்குழாய்க் கிணற்றில் வலிய மோட்டாரை இறக்கிவிட்டு மேலே குறுகிய குழாயை மாட்டிய தோட்டத்தின் நிலைதான் மெல்லிய வயரில் ஓடும் ஆம்ப்ளிஃபயருக்கும் நேர்கிறது.

சந்தையில் செம்பு என்று விற்கப்படும் வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசப்பட்டவை. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிவதைக் கொண்டு இவற்றை அடையாளம் காணலாம். இவை அதே தடிமனுள்ள செம்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே மின்சாரத்தைக் கடத்துவதோடு, ஈரம் பட்ட இணைப்புகளில் விரைவில் அரித்தும் போகின்றன. வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயரும் வண்டிக்கு ஏற்றதன்று, ஏனெனில் இடைவிடாத அதிர்வில் அது இணைப்பருகே முறிந்துவிடும். மெல்லிய இழைகள் பல கொண்ட வாகன வயரே பாதுகாப்பானது.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் அமைய வேண்டும். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அன்று, வயரை. நடுவழியில் வயர் உராய்ந்து தகட்டைத் தொட்டுவிட்டால், ஃபியூஸ் வரையிலான பகுதியைத் தவிர மற்றதெல்லாம் உடனே மின்சாரம் அற்றுப்போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேற்சொன்ன கணக்குக்கு 50 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். பேட்டரி சேசிஸின் பக்கவாட்டில் திறந்தவெளியில் அமைந்த வண்டிகளில், சேறும் நீரும் புகாத மூடியுடைய ஃபியூஸ் ஹோல்டரையே பயன்படுத்த வேண்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியையோ சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளையோ சுற்றி வைப்பது வண்டியைத் தீக்குக் கொடுப்பதற்கு ஒப்பானது. அதை எந்த அவசரத்திலும் செய்யக்கூடாது.

எர்த் எனப்படும் எதிர்முனை இணைப்பில் பிக்கப் வண்டிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கேபினும் சேசிஸும் ஒரே உடலாக இல்லாமல், கேபின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், இரண்டையும் மின்வழியில் இணைப்பது மெல்லிய எர்த் பட்டை மட்டுமே. பழைய வண்டிகளில் அந்தப் பட்டை துருவேறியோ இற்றுப்போயோ இருக்கும். ஆகவே அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் தடித்த புதிய பட்டையைப் போட்ட பிறகே ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைக் கேபின் தகட்டில் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியுமாறு செய்து, பற்கள் உள்ள வாஷருடன் போல்ட்டை முறுக்கி, மேலே துருத் தடுப்புப் பூச்சு இட வேண்டும். சீட் பெல்ட்டைத் தாங்கும் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. பாட்டு உரக்க ஓடும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள்.

4. கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகும் வாட் எண் ஒரு நொடி உச்சத்தைக் குறிப்பதாகவே பெரும்பாலும் இருக்கும். நம்பத் தகுந்தது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது கருவி இடைவிடாமல் தாங்கக்கூடிய தொடர் திறன். நான்கு வழிகளில் தலா 50 வாட் என்று குறிக்கப்பட்ட ஸ்டீரியோ, தொடர் திறனில் 15 முதல் 22 வாட் வரை மட்டுமே தருகிறது. ஆகவே ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒப்பிடும்போது இரு பக்கமும் ஆர்.எம்.எஸ். எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கரின் மற்றொரு முக்கிய எண் உணர்திறன் ஆகும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அது எத்தனை டெசிபெல் ஒலி தருகிறது என்பதை இந்த எண் காட்டுகிறது. 87 டெசிபெல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தரும் ஒலியை 90 டெசிபெல் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே தந்துவிடும். ஆல்டர்னேட்டரின் மிச்சத் திறன் குறைவான சிறு வண்டிகளில், தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமலேயே உணர்திறன் மிகுந்த இரண்டு கதவு ஸ்பீக்கர்களையும் நல்ல ஸ்டீரியோ ஒன்றையும் பொருத்துவது பல ஓட்டுநர்களுக்குப் போதுமான நிறைவைத் தரும்.

ஸ்டீரியோ வைக்கும் இடம் ஒற்றை டின் என்றும் இரட்டை டின் என்றும் இரு அளவுகளில் அமைகிறது. முதலாவது 18 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும், இரண்டாவது அதே அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. கதவு ஸ்பீக்கரை வாங்குவதற்கு முன், கண்ணாடியை முழுவதும் இறக்கி வைத்து, கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளக்க வேண்டும். காகிதக் கூம்பு இனிய ஒலியைத் தந்தாலும், ஈரமும் தூசியும் மிகுந்த சரக்கு வண்டியின் கதவில் பாலிப்ரொப்பிலின் கூம்பே நீடித்து உழைக்கும்.

அடித்தள ஒலிக்கு உரிய சப்வூஃபர் விஷயத்தில் சிறிய கேபின் ஒரு நன்மையாக அமைகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுடையது. அதைவிட மிகச் சிறிய மூடிய அறைக்குள் அந்த அலை விரிய இடமின்றி, முழு அறையின் காற்றழுத்தத்தையும் ஒரே சமயத்தில் ஏற்றி இறக்குவதால், அடித்தள ஒலி தானாகவே ஓங்கிக் கேட்கிறது. ஆகவே 8 அங்குல அல்லது தட்டையான 10 அங்குல சப்வூஃபர் ஒன்றே பிக்கப்புக்குப் போதும். 12 அங்குல இரட்டை சப்வூஃபர் இடத்தையும் மின்சாரத்தையும் வீணாக்கும். துளையுள்ள பெட்டியைவிட முழுவதும் மூடிய பெட்டி அளவில் சிறியதாகவும் ஒலியில் கட்டுக்கோப்பாகவும் அமைவதால் இருக்கைக்குப் பின்னால் வைப்பதற்கு அதுவே ஏற்றது.

5. பொருத்தும் வரிசை

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். அதன் பிறகு மின்வயரை வண்டியின் ஒரு பக்கமாகவும், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் ஒலி வயரை மறு பக்கமாகவும் கொண்டுசெல்ல வேண்டும், ஏனெனில் இரண்டும் அருகருகே நெடுந்தூரம் சென்றால் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி பாட்டில் கலந்துவிடும். தகட்டைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் குரோமெட்டும், எஞ்சின் பகுதியில் முழுவதும் பாதுகாப்புக் குழலும் அவசியம். கிடங்குகளிலும் மண்டிகளிலும் இரவில் நிற்கும் வண்டிகளுக்கு எலித் தொல்லை உண்டு என்பதால், வெளிப்பட்டிருக்கும் வயரைத் திறந்தபடி விடக்கூடாது.

ஸ்டீரியோவை இணைக்கும்போது வண்டியின் மூல வயர்களை வெட்டி முறுக்காமல், அந்த மாடலுக்குரிய கப்ளர் கொண்டு இணைக்க வேண்டும். வெட்டிய வயர் உத்தரவாதச் சிக்கலையும் பின்னாளில் பழுதையும் கொண்டுவரும். ஸ்டீரியோவிலிருந்து வரும் ரிமோட் வயரே ஆம்ப்ளிஃபயரை எழுப்பவும் உறங்கவைக்கவும் செய்கிறது. அதை நேரடியாகப் பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் இரவு முழுவதும் விழித்திருந்து, விடியற்காலையில் சந்தைக்குக் கிளம்ப வேண்டிய வண்டியைக் கிளம்பவிடாமல் செய்துவிடும்.

ஸ்பீக்கர்களின் நேர், எதிர் முனைகள் எல்லாக் கதவுகளிலும் ஒரே முறையில் அமைய வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் இது புலப்படும்: செல்லின் நேர்முனை ஸ்பீக்கரின் நேர்முனையைத் தொடும்போது கூம்பு வெளிப்பக்கம் துள்ளும். ஒன்று வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் துள்ளினால் இரண்டின் அடித்தள ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

சப்வூஃபர் பெட்டியை நீர் தாங்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்ய வேண்டும். மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதிவிடும். பெட்டியை இரும்புப் பட்டைகளாலும் போல்ட்டுகளாலும் கேபின் தகட்டில் இறுகக் கட்டுவது இன்றியமையாதது, ஏனெனில் திடீர் பிரேக்கில் கட்டப்படாத பெட்டி ஓட்டுநரின் முதுகை நோக்கியே பாயும். துளையிடும் முன் தகட்டின் மறுபக்கத்தைக் குனிந்து பார்த்து, பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். ஜாக்கி, ஸ்பேனர், முதலுதவிப் பெட்டி, தார்ப்பாய்க் கயிறு ஆகியவை இருக்கைக்குப் பின்னால் வைக்கப்படும் வண்டியில், அவற்றை எடுக்கும் வழி பழையபடியே இருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி இரண்டு விரல் அளவாவது காற்றோட்ட இடைவெளி தேவை. பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் வண்டியில் தென்னை நார்த் தூளும், திருப்பூர் வண்டியில் பஞ்சுத் துகளும் ஆம்ப்ளிஃபயரின் வெப்பத் தகடுகளுக்கிடையே படிந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றன. விசிறி இல்லாத ஆம்ப்ளிஃபயரை நிமிர்த்திய நிலையில் பொருத்தி, மாதம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் துடைத்து வந்தால் இந்தத் தொல்லை வராது.

6. அளவமைத்தல்

ஆம்ப்ளிஃபயரில் உள்ள ‘கெய்ன்’ திருகு ஒலியளவைக் கூட்டுவதற்கு உரியதன்று. ஸ்டீரியோ தரும் மின்குறிப்பின் உயரத்துக்கு ஆம்ப்ளிஃபயரின் உணர்வைப் பொருத்திவைப்பதே அதன் பணி. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் எல்லா ஒலித்திருத்தங்களையும் சுழியத்தில் வைத்து, ஒலியளவை முக்கால் பங்குக்கு ஏற்றி, 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு முனையில் மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த (ஏ.சி. வோல்ட்) அளவில் வைக்க வேண்டும். காட்ட வேண்டிய வோல்ட், வாட்டையும் ஸ்பீக்கரின் ஓம் எண்ணையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலமாகும்: 50 வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 14.1 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியில் 200 வாட், 4 ஓம் சப்வூஃபருக்கு 28.3 வோல்ட். இதற்கு மேல் திருகினால் ஒலியலையின் தலை மழுங்கி, ஸ்பீக்கரின் சுருள் சூடேறி எரியும்.

அடுத்தது அலைவரிசைப் பிரிப்பு. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி சப்வூஃபருக்கும், மேற்பட்டது கதவு ஸ்பீக்கர்களுக்கும் செல்லுமாறு அமைக்க வேண்டும். இதனால் கதவு ஸ்பீக்கர்கள் தங்களால் இயலாத சுமையிலிருந்து விடுபட்டுக் குரலைத் தெளிவாகத் தருகின்றன.

இந்திய வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் வலக் கதவு ஸ்பீக்கர் அவருக்கு மிக அருகிலும் இடக் கதவு ஸ்பீக்கர் தொலைவிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள தொலைவு வேறுபாடு 50 சென்டிமீட்டர் என்றால், ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், வலப்பக்க ஒலி 1.5 மில்லி வினாடி முந்தி வந்து பாடகரின் குரலை வலக் கதவுக்குள் இழுத்துவிடுகிறது. நேரத் திருத்தம் செய்யும் வசதியுள்ள ஸ்டீரியோவில் வலப்பக்கத்தை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால் குரல் டேஷ்போர்டின் நடுவே வந்து நிற்கும். இந்த அளவமைப்பு முழுவதையும் வண்டி நிற்கும்போது ஒருமுறையும், வழக்கமான வேகத்தில் ஓடும்போது மறுமுறையும் சரிபார்க்க வேண்டும். ஓடும்போது கேட்பதை அருகில் அமர்ந்தவரே செய்ய வேண்டும்.

7. சட்டமும் காதும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் வரம்புகளாகும்; மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் இவை 50, 40 எனக் குறைகின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் குழுக்களுடனும், கோயில் திருவிழாக்களிலும், தேர்தல் பிரச்சாரத்திலும் வண்டியின் மேல் ஒலிபெருக்கி கட்ட வேண்டுமானால், அதற்கு உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். அத்தகைய வெளி ஒலியமைப்பைக் கேபின் அமைப்புடன் சேர்க்காமல், தனி பேட்டரியிலோ ஜெனரேட்டரிலோ இயக்குவதே முறை. பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரன்களை மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன. பின்னர் பொருத்திய மின்சாதனங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஆவணத்தில் சேர்த்துக்கொள்வது இழப்பீட்டு நேரத்தில் உதவும்.

காதைப் பொறுத்தவரை, 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதே தொழில்நலத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட மேல்வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபெல்லில் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். எஞ்சின் இரைச்சலோடு போட்டியிட்டுப் பாட்டை உயர்த்தும் ஓட்டுநர் இந்த எல்லையை அறியாமலே கடந்துவிடுகிறார். ஆம்புலன்ஸின் சைரனும், பின்னால் வரும் பேருந்தின் ஹாரனும், பழுதாகத் தொடங்கிய பேரிங்கின் முனகலும் அவருக்குக் கேட்காமல் போகின்றன.

வேலை முடிந்த பிறகு உரிமையாளர் மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: எந்த வயர் எங்கே செல்கிறது, ஃபியூஸ் எங்கே உள்ளது என்பதைக் காட்டும் கையால் வரைந்த வரைபடம், அளந்து எழுதிய வோல்ட் எண்கள், உதிரி ஃபியூஸ் இரண்டு. கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதவில்லை என்றால், சப்வூஃபரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம், ஆம்ப்ளிஃபயரையும் தள்ளிவைக்கலாம். டேம்பிங் ஷீட்டையும் செம்பு வயரையும் ஃபியூஸையும் தள்ளிவைக்கக்கூடாது. பிழைப்புக்கு ஓடும் வண்டியில் பாட்டு எவ்வளவு நன்றாகக் கேட்டாலும், மறுநாள் காலையில் வண்டி தவறாமல் கிளம்பிச் சரக்கைச் சேர்த்தால்தான் அந்த ஒலியமைப்பு சரியாகப் பொருத்தப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.